சாவி கோர்ட்டு கையில் இருக்கும்போது

(மட்டாஞ்சேரியில் நடந்த நம் உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில், கொச்சிக் கோர்ட்டுகளில் பல வருஷங்கள் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"சட்டத்தைப் பத்தி ஏதாவது சொல்லுங்கோ, ஆனா யாருக்கும் தூக்கம் வராம சொல்லுங்கோ" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். முதல் பாதி சுலபம். இரண்டாவது பாதி, அதுவும் பாலடைப் பிரதமனுக்குப் பிறகு, கொஞ்சம் சிரமம். முயற்சி செய்கிறேன்.

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தவர்கள் உறுப்பினர்கள்தான். மும்பையிலிருந்து போன் வந்தாலும், சென்னை, பெங்களூர், டில்லியிலிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. "ஊர்ல அப்பா கட்டின வீடு இருக்கு. தம்பி சாவியை வெச்சுண்டிருக்கான். வாடகை எவ்வளவு வரதுன்னு சொல்ல மாட்டேங்கறான். கோர்ட்டுல சொல்லி ஒரு ரிசீவரைப் போட்டுடலாமா?"

போட முடியுமா என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. போடலாமா என்பதற்குப் பதில் குடும்பத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், ரிசீவர் என்பவர் யார்? ஒரு சொத்தைப் பற்றி இரண்டு பேர் வழக்காடுகிறார்கள். தீர்ப்பு வரப் பல வருஷம் ஆகும். அதற்குள் சொத்து கெட்டுப் போகலாம், கைமாறிப் போகலாம், வருமானம் காணாமல் போகலாம். தீர்ப்பு வரும்போது கொடுப்பதற்குப் பொருளே இல்லையென்றால் அந்தத் தீர்ப்பால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆகவே வழக்கில் சம்பந்தப்படாத ஒருவரை நியமித்து, "முடிவு வரும்வரை நீர் இதைப் பார்த்துக்கொள்ளும்" என்று கோர்ட்டு ஒப்படைக்கிறது. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் 40ஆவது ஆர்டர் முழுவதும் இதைப் பற்றித்தான். மொத்தமே ஐந்து விதிகள். நியாயமும் சௌகரியமும் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் நியமிக்கலாம் என்கிறது முதல் விதி. இங்கிலாந்தின் சான்சரி கோர்ட்டுகளிலிருந்து நமக்கு வந்த ஏற்பாடு இது. மும்பையிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே ஹைகோர்ட்டில் கோர்ட் ரிசீவர் என்று தனி ஆபீஸே இருக்கிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரு வக்கீலை நியமிப்பார்கள். அரசுக்கு வரி கட்டும் நிலமாக இருந்து, கலெக்டர் பார்த்துக்கொண்டால் நல்லது என்று தோன்றினால், அவர் சம்மதத்தோடு கலெக்டரையே நியமிக்கவும் ஐந்தாவது விதி இடம் கொடுக்கிறது.

இந்த ரிசீவர் யாருடைய ஆள்? மனு போட்டவர் "என் ரிசீவர்" என்று நினைத்துக்கொள்வார். எதிராளி "அவன் ஆள்" என்று நினைப்பார். இரண்டும் தப்பு. அவர் கோர்ட்டின் அதிகாரி. சொத்து அவர் கையில் இருந்தால் கோர்ட்டின் கையில் இருப்பதாகவே அர்த்தம். இதை மிகத் தெளிவாகச் சொன்னவர் நமக்கெல்லாம் வேண்டிய ஒருவர். பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் பிறந்து, தலச்சேரியில் வக்கீலாக இருந்து, 1973 முதல் 1980 வரை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக விளங்கி, கடைசிக் காலத்தைக் கொச்சியில் கழித்து 2014 டிசம்பரில் மறைந்த ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் அவர்கள். எவரெஸ்ட் கோல் கம்பெனி வழக்கில் 1977இல் அவர் சொன்னதன் சாரம் இது: ரிசீவர் வசம் உள்ள சொத்தில் கை வைப்பது கோர்ட்டையே அவமதிப்பது போல. அந்தச் சொத்து விஷயமாக ரிசீவர்மேல் வழக்குப் போட வேண்டுமானால் அவரை நியமித்த கோர்ட்டின் அனுமதி வேண்டும். ஆனால் முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை என்பதற்காக வழக்கு அடியோடு செத்துப் போகாது. நடக்கும்போது வாங்கினாலும் அந்தத் தோஷம் நிவர்த்தியாகும்.

அதிகாரம் இருப்பது போலவே கடமையும் இருக்கிறது. ரிசீவர் ஜாமீன் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு கேட்டால் கொடுக்க வேண்டும். கோர்ட்டு சொல்லும் காலத்தில், சொல்லும் முறையில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கையில் உள்ள பாக்கியைக் கோர்ட்டு சொல்லும் இடத்தில் கட்ட வேண்டும். வேண்டுமென்றே செய்த குறையாலோ, பெரிய அஜாக்கிரதையாலோ சொத்துக்கு நஷ்டம் வந்தால் அவரே பொறுப்பு. கணக்குக் கொடுக்காவிட்டால் அவருடைய சொந்தச் சொத்தையே ஜப்தி செய்து வசூலிக்கலாம். வழக்கு முடிந்துவிட்டாலும் கணக்கை ஒப்படைத்து, கோர்ட்டு விடுவிக்கும்வரை அவர் பொறுப்பு தீராது. அவருக்கு ஊதியம் உண்டு. அதை நிர்ணயிப்பது கோர்ட்டு. அது பெரும்பாலும் சொத்தின் வருமானத்திலிருந்தே போகும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் வேண்டும் என்று கேட்கும்போது, நம் பங்கிலிருந்தும் ஒரு துண்டை எடுத்துக் கொடுக்கிறோம்.

சட்டம் போதும், ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கே பஜார் ரோடில் நடந்தால் இரண்டு பக்கமும் பழைய பாண்டிகசாலைகள். மிளகு, சுக்கு, ஏலம் என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த இடங்கள். பல வருஷங்களுக்கு முன், இரண்டு பங்குதாரர்களுக்குள் தகராறு வந்து, ஒரு கிட்டங்கியும் அதிலிருந்த மிளகும் வழக்கில் மாட்டிக்கொண்டன. கோர்ட்டு என்னை ரிசீவராக நியமித்தது. முதல் நாள் வேலை, இரண்டு தரப்பு வக்கீல்களையும் வைத்துக்கொண்டு மகஜர் எழுதுவது. மூட்டைகளை எண்ணி, எடை போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் பூட்டி சீல் வைத்தோம்.

அத்தோடு என் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொச்சியில் இடவப்பாதி மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். காயலை ஒட்டிய கிட்டங்கியில் மிளகு ஈரம் வாங்கும். ஈரம் வாங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த மிளகை யார் வாங்குவார்? சீல் மட்டும் பத்திரமாக இருக்கும். ஆகவே சொத்தை விற்றுப் பணமாக்க அனுமதி கேட்டு மனுப் போடப்பட்டது. சீக்கிரம் கெட்டுப் போகக்கூடிய அசையும் பொருளை வழக்கு நடக்கும்போதே விற்க உத்தரவிடலாம் என்று 39ஆவது ஆர்டர் ஆறாவது விதி இருக்கிறது. ஒரு பங்குதாரர் ஆட்சேபித்தார். "விலை ஏறப் போறது, இப்ப விக்கப்படாது" என்றார். ஏறலாம், இறங்கலாம், அதில் பந்தயம் கட்டுவது ரிசீவரின் வேலை இல்லை. கோர்ட்டு விற்கச் சொன்னது. ஏலம் நடந்தது. பணத்தை பாங்கில் டெபாசிட் செய்து ரசீதைக் கோர்ட்டில் கொடுத்தோம். சில வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தபோது இரண்டு பேரும் வட்டியோடு பிரித்துக்கொண்டார்கள். பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது என்று நினைக்கக் கூடாது. பொருளின் ஸ்வபாவம் தெரிந்து, அதன் மதிப்பு குறையாமல் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

வீடும் மிளகு மாதிரிதான், கொஞ்சம் மெதுவாகக் கெடும். அவ்வளவுதான் வித்தியாசம். நம் கிராமத்து வீடுகள் ஒட்டுச் சுவர், ஓட்டுக் கூரை, மர உத்தரம். வருஷத்துக்கு ஒரு முறை ஓடு மாற்ற வேண்டும். ஒரு மழைக்காலம் மாற்றாவிட்டால் உத்தரம் நனையும். அடுத்த வருஷம் கரையான் வரும். அதற்கடுத்து பக்கத்து வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார், "உங்க சுவர் எங்க மேலே சாயறது" என்று.

இப்போது அந்த போன் கேள்விக்கு வருகிறேன். எந்த வழக்கில் ரிசீவர் போடலாம் என்பதற்கு 1954இல் மதராஸ் ஹைகோர்ட்டு, கிருஷ்ணசாமி செட்டி எதிர் தங்கவேலு செட்டி என்ற வழக்கில் ஐந்து நெறிகளைத் தொகுத்துச் சொன்னது. அதற்குப் பஞ்ச சதாசாரம் என்றே பெயர் வைத்தார்கள். இன்றும் எல்லாக் கோர்ட்டுகளிலும் எடுத்துச் சொல்லப்படுவது அது. எளிமையாகச் சொல்கிறேன்.

ஒன்று, ரிசீவர் கேட்பது யாருக்கும் உரிமை கிடையாது. அது கோர்ட்டின் விவேகத்தைப் பொறுத்தது. இரண்டு, கேட்பவருக்கு வழக்கில் ஜெயிக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே தெரிய வேண்டும். மூன்று, உரிமைத் தகராறு இருக்கிறது என்பது மட்டும் போதாது. உடனே கவனிக்காவிட்டால் சொத்துக்கு நஷ்டம் என்ற அபாயம் கண்ணெதிரே இருக்க வேண்டும். நான்கு, அனுபவத்தில் இருப்பவரை வெளியேற்றும்படியான உத்தரவை லேசில் போடக் கூடாது. யார் கையிலும் இல்லாமல் நடுவில் கிடக்கும் சொத்தென்றால் வேறு விஷயம். ஐந்து, கேட்பவர் சுத்தமான கையோடு வர வேண்டும். வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று அவசரம் என்று சொல்லக் கூடாது.

இந்த ஐந்தையும் நம் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். தம்பி வாடகைக் கணக்குச் சொல்லவில்லை. குறைதான். ஆனால் வீட்டைக் கவனித்துக்கொண்டு, வரி கட்டிக்கொண்டு, அதில் குடியிருக்கிறான் என்றால் கோர்ட்டு யோசிக்கும்.

கேரளத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 1975ஆம் வருஷத்து கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அன்றைக்கு இருந்த கூட்டுக் குடும்பச் சொத்துகளில் பங்காளிகள் அவரவர் பங்குக்குத் தனி உரிமையாளர்கள் ஆனார்கள். அப்படிக் கூட்டாக உரிமை உள்ளவர்களில் ஒருவர் அனுபவித்தால் அது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் பொதுவாகக் கருதும். "ஊர்ல இருக்கறவன் முழுங்கிடுவான்" என்ற பயத்தில் பாதி இதைத் தெரிந்துகொண்டால் போய்விடும்.

நான் பார்த்த இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

முதல் வீட்டில் நாலு பங்கு. மூத்தவர் காலமாகி, மன்னி மட்டும் வீட்டில் இருந்தாள். பின்கட்டில் ஒரு குடித்தனம், அந்த வாடகையில்தான் ஓடு மாற்றுவதும் கரண்ட் பில் கட்டுவதும். வடக்கே வேலையில் இருந்த மைத்துனர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு ரிசீவரும் கேட்டார். நான் மன்னிக்காக ஆஜரானேன். அவள் கோர்ட்டு வராந்தாவில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பங்கு எவ்வளவு வேணா எடுத்துக்கட்டும், வக்கீல் ஸார். சாவியை வாங்கிண்டா நான் சாயங்காலம் விளக்கு ஏத்த எங்க போவேன்?" சட்டப் புத்தகத்தில் நாலாவது நெறி என்று படித்திருந்தேன். அதன் அர்த்தம் அன்றுதான் முழுவதும் புரிந்தது. கோர்ட்டு ரிசீவரை மறுத்துவிட்டு மூன்று உத்தரவு போட்டது. வாடகையைக் கோர்ட்டில் கட்ட வேண்டும்; ரிப்பேர் செலவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. தீர்ப்பு வரும்வரை யாரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. மைத்துனருக்கு வேண்டியிருந்த கணக்கு வந்தது. மன்னிக்கு வேண்டியிருந்த விளக்கு நின்றது. மூன்றாவது வருஷம் அவர்களே சமாதானமாகப் போனார்கள்.

இரண்டாவது வீட்டில் யாரும் குடியில்லை. மூன்று சகோதரர்கள் மூன்று தேசத்தில். ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லை. ரிசீவர் போடுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது, போட்டார்கள். ஆனால் உத்தரவில் பூட்டிப் பாதுகாக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. ரிப்பேருக்குப் பணம் யார் கொடுப்பது என்று இல்லை. ரிசீவர் பணம் கேட்டு மனுப் போட்டார். மூவரும் "மத்த ரெண்டு பேர் கொடுக்கட்டும்" என்று பதில் போட்டார்கள். வருஷங்கள் போயின. கூடத்து உத்தரம் விழுந்தது. பத்தாயத்தைச் செல்லரித்தது. கடைசியில் பங்கு பிரித்தபோது வீடு என்று எதுவும் இல்லை, மனைதான் இருந்தது. ரிசீவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பூட்டு கடைசிவரை பத்திரமாக இருந்தது.

கோர்ட்டு போட்ட காவலன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் கேரளத்திலேயே ஒரு சரித்திர உதாரணம் இருக்கிறது. 1808இல் மலங்கரை சிரியன் கிறிஸ்தவ சபையின் பேரில் 3,000 நட்சத்திர வராகன், ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் 8 சதவிகித நிரந்தர வட்டிக்கு டெபாசிட் செய்யப்பட்டது. வருஷத்துக்கு 240 வராகன் வட்டி. இன்றும் அதற்கு வட்டிப்பணம் என்றே பெயர். பிற்பாடு சபையில் பிளவு வந்தது. வட்டியை யாரிடம் கொடுப்பது? 1913இல் அரசாங்கமே திருவனந்தபுரம் ஜில்லா கோர்ட்டுக்குப் போயிற்று. "இந்தப் பணத்தில் எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. உரியவர் யார் என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறோம்" என்பதுதான் அந்த வழக்கின் தாத்பரியம். இன்டர்ப்ளீடர் என்று சட்டத்தில் பெயர். இது ரிசீவர் வழக்கு இல்லை, ஆனால் காவல் காப்பவனின் தர்மம் இதில் இருக்கிறது. பொருளில் எனக்கு ஆசை இல்லை. சண்டை நீள்வதிலும் எனக்கு லாபம் இல்லை.

இந்த இரண்டாவது பாதி முக்கியம். அயோத்தி வழக்கு எல்லோருக்கும் தெரியும். 1949 டிசம்பர் 29 அன்று மாஜிஸ்திரேட் அந்த இடத்தை ஜப்தி செய்ய, பைசாபாத் முனிசிபல் சேர்மன் பிரிய தத் ராம் ரிசீவராக 1950 ஜனவரி 5 அன்று பொறுப்பேற்றுச் சாமான் பட்டியல் எழுதினார். அது கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின்படி வந்த நியமனம். சுப்ரீம் கோர்ட்டின் இறுதித் தீர்ப்பு வந்தது 2019 நவம்பர் 9. தற்காலிகம் என்று தொடங்குவது எவ்வளவு காலம் போகலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

2024 ஆகஸ்டில் அலகாபாத் ஹைகோர்ட்டு மதுரா ஜில்லாக் கோவில்களைப் பற்றி ஒரு தீர்ப்பில் வருத்தத்தோடு பேசியது. பிருந்தாவனம், கோவர்தனம், பர்சானா என்று புகழ்பெற்ற க்ஷேத்திரங்களில் உள்ளூர் வக்கீல்களே ரிசீவர்களாக இருக்கிறார்கள், வழக்கு முடியாமல் இருப்பதில்தான் அவர்களுக்கு அக்கறை என்று கண்டித்தது. நிலுவையில் இருந்த வழக்குகளில் 1923இல் தொடங்கியதும் உண்டு. நானும் வக்கீல்தான், அதனால் சொல்கிறேன். காவலுக்குக் கூலி மாதாமாதம் வந்துகொண்டிருந்தால், வீட்டுக்காரன் திரும்பி வர வேண்டும் என்று காவல்காரனுக்கு எப்படித் தோன்றும்? எல்லா ரிசீவரும் அப்படி இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் உத்தரவு வாங்குவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே ரிசீவர் கேட்டே தீர வேண்டும் என்றால் இவற்றைக் கவனியுங்கள். என்ன அபாயம் என்பதைத் தேதி, ரசீது, போட்டோவோடு காட்டுங்கள். "நம்பிக்கை இல்லை" என்பது காரணம் ஆகாது. வாடகையைக் கோர்ட்டில் கட்டச் சொல்வது, விற்கத் தடை, கணக்குக் கேட்பது ஆகியவற்றில் காரியம் முடியுமானால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரிசீவர் வந்தே ஆக வேண்டுமென்றால், வரி, இன்ஷூரன்ஸ், ஓடு மாற்றும் செலவு எந்தப் பணத்திலிருந்து என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். கணக்குத் தேதியையும் ஊதியத்தையும் அப்போதே நிர்ணயிக்கக் கேளுங்கள். அந்தக் கணக்கை வாங்கிப் படியுங்கள். படிக்க ஆள் இல்லாத கணக்குதான் கெட்டுப் போகிறது. கூடவே மத்தியஸ்தத்துக்கு மனம் திறந்து வையுங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு 2002 முதல் அதற்கு வழி செய்திருக்கிறது. லோக் அதாலத்தில் சமாதானமானால் அது கோர்ட்டு டிக்ரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

நம் சமூக மடங்கள், கிராமக் கோவில் கமிட்டிகள் விஷயத்திலும் இதுவேதான். மூன்று பேர் கூடினால் நாலு அபிப்பிராயம் என்பது நம் குலப்பெருமை. ஆனால் எலெக்ஷன் தகராறில் மடத்துச் சாவி கோர்ட்டுக்குப் போனால், உத்சவத்துக்குப் பந்தல் போடவும் மனுப் போட வேண்டி வரும். வருஷா வருஷம் கணக்கைப் படித்து, பாத்திரப் பண்டத்தைப் பட்டியல் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வெளியாள் ஒருவர் வந்து செய்ய என்ன மீதி இருக்கிறது?

ஊரில் வீடு உள்ள ஒவ்வொருவரும் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். சகோதர சகோதரிகள் எல்லோரும் உட்கார்ந்து, வீட்டில் என்னென்ன இருக்கிறது, வரவு என்ன, செலவு என்ன, யார் கவனிப்பது என்று ஒரு நோட்டில் எழுதி, ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு, அவர் உழைப்புக்கு ஒரு தொகையையும் அதிலேயே எழுதுங்கள். கணக்குக் கேட்பது சந்தேகம் ஆகாது. கணக்குச் சொல்வது தாழ்வும் ஆகாது. கோர்ட்டு ரிசீவரிடம் எதிர்பார்ப்பதை அண்ணன் தம்பியே ஒருவருக்கொருவர் செய்துகொண்டால், அந்த வேலைக்கு ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை.